கேஷுவாலிட்டியில் சொல்லித்தருவது: அவசரப் பிரிவு நலக்கல்வி, ஓர் எளிய அறிமுகம்

மூச்சு இழுப்போடு (ஆஸ்துமா) இரவில் கேஷுவாலிட்டிக்கு வந்தவருக்கு, மருந்தை ஆவிபோல் மூச்சில் ஏற்றுகிற நெபுலைசர் வைத்து, ஊசி போட்டு, மூச்சு சீரானதும் மாத்திரையும் பம்ப்பும் (இன்ஹேலர்) கொடுத்து அனுப்புகிறோம். சில நாள் கழித்து அதே ஆள், அதே இழுப்போடு, அதே கட்டிலில் உட்கார்ந்திருப்பார். மருந்தில் குறை இருக்காது. பம்ப்பை எப்படி இழுப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. மூச்சு சரியானதும் மாத்திரையை நிறுத்தியிருப்பார். வீட்டுக்குள் கொசுவர்த்தி புகைந்துகொண்டே இருந்திருக்கும். சிகிச்சைக்கும் வீட்டுக்கும் நடுவில் விழுகிற இந்தப் பள்ளத்தை அடைக்கிற வேலைதான் நோயாளிக்கு நலக்கல்வி தருவது.

நலக்கல்வி என்றதும் பள்ளிக்கூடத்தில் கை கழுவக் கற்றுக்கொடுப்பதும், சுவரில் டெங்கு படம் ஒட்டுவதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவசரப் பிரிவில் அதன் அளவு மிகச் சிறியது, ஆனால் கறாரானது. இந்த நோயாளி இன்றைக்கு எதற்காக வந்தாரோ அந்த ஒன்றைப் பற்றி மட்டும், வீட்டில் அவரால் செய்ய முடிந்ததை, அவருக்குப் புரிகிற பேச்சில் சொல்ல வேண்டும். சொன்னது புரிந்ததா என்று பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். முதல் பாதியை எல்லாரும் ஏதோ ஒரு வகையில் செய்துவிடுகிறார்கள். புரிந்ததா என்று பார்க்கிற இரண்டாம் பாதிதான் விட்டுப்போகிறது. அது விட்டுப்போனால் முதல் பாதியும் வீண் என்பது, வடசென்னை அரசு மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் செவிலியராக இருந்த எனக்கு உறுதியாகத் தெரியும்.

ஏன் இங்கே?

"ஓ.பி. இருக்கு, வார்டு இருக்கு. இந்தக் கூட்டத்துல எதுக்கு சிஸ்டர் பாடம்?" என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள் (ஓ.பி. என்பது பகலில் இயங்கும் புறநோயாளர் பிரிவு). கேட்க வேண்டிய கேள்விதான்.

காசிமேடு, ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர், மணலி என்று இந்தப் பக்கத்தில் வாழ்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் அன்றாடக் கூலியை நம்பியிருப்பவர்கள் என்றே எனக்குத் தோன்றும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், கன்டெய்னர் லாரி கிளீனர், லேத் பட்டறைத் தொழிலாளி, மீன் விற்கிற அம்மா. காலை ஓ.பி. வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. அதனால் வலியைப் பொறுத்துக்கொண்டு, வேலை முடித்து, ராத்திரி தாங்க முடியாமல் கேஷுவாலிட்டிக்கு வருகிறார்கள். ஒரு வருடத்தில் அவர்கள் ஒரு மருத்துவரை நேருக்கு நேர் பார்க்கிற ஒரே தருணம் அதுவாகக்கூட இருக்கும். "காலையில ஓ.பி.யில காட்டுங்க" என்று சொல்லி அனுப்பினால் பெரும்பாலும் வர மாட்டார்கள். ஆகவே சொல்ல வேண்டியதை இங்கேயே, இப்போதே சொல்லியாக வேண்டும்.

இது இன்று நேற்று வந்த பழக்கமும் அல்ல. வடசென்னையின் பெரிய அரசு மருத்துவமனையான ஸ்டான்லிக்கு அந்தப் பெயர் 1930களில்தான் வந்தது. அதற்கு முன்பும் பின்பும் ஊர்மக்கள் வாயில் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. 1780களின் பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்த மருத்துவமனை அது. வேறு போக்கிடம் இல்லாதவர்கள் வந்து சேர்கிற இடமாகவே தொடங்கியது, இன்றும் அப்படியே இருக்கிறது.

இன்னொரு காரணம், பயம். நெஞ்சுவலி என்று ஓடிவந்து, இ.சி.ஜி. எடுத்து, மாரடைப்பு இல்லை என்று தெரிந்து மூச்சுவிடுகிற மனிதர் அந்த அரைமணி நேரத்தில் பீடியைப் பற்றிச் சொன்னால் காதுகொடுத்துக் கேட்பார். பத்து நாள் போனால் அந்தக் காது மூடிக்கொள்ளும். பயத்தைக் கிளப்ப வேண்டும் என்று சொல்லவில்லை. அது ஏற்கெனவே வந்துவிட்டது, அதை நல்லதுக்குத் திருப்பிவிடுகிறோம்.

ஏன் இது கஷ்டம்?

கேட்பவருக்கு வலி இருக்கிறது, தூக்கம் இல்லை. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் அலறுகிறார். போலீஸ்காரர் விபத்துப் பதிவேட்டுக்காக நிற்கிறார். கூட வந்தவர் சொந்தக்காரர்கூட இல்லை, ஏற்றிவந்த ஆட்டோக்காரர். டாக்டர் இரண்டு நிமிடத்தில் ஐந்து விஷயம் சொல்கிறார். நோயாளி எல்லாவற்றுக்கும் "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டுகிறார். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் நாம் அடுத்த நோயாளியிடம் போகிறோம்.

அதை நம்பக் கூடாது. 2009-ல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அவசரப் பிரிவிலிருந்து வீட்டுக்குப் புறப்பட்ட 140 பேரிடம், என்ன நோய், என்ன சிகிச்சை, வீட்டில் என்ன செய்ய வேண்டும், எப்போது திரும்பி வர வேண்டும் என்று கேட்டார்கள். 78 சதவீதம் பேருக்கு இந்த நான்கில் ஏதாவது ஒன்றாவது சரியாகப் புரிந்திருக்கவில்லை. அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு, புரியாதவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்குப் புரியவில்லை என்பதே தெரியவில்லை. அந்த ஊர் நோயாளிகளுக்கே, அவர்களுடைய மொழியிலேயே சொன்னபோதே அப்படி என்றால், இங்கே எழுதப்படிக்கத் தெரியாத ஒருவர் கையில் இங்கிலீஷில் எழுதிய சீட்டைக் கொடுத்து அனுப்பினால் என்ன ஆகும்? "புரிஞ்சுதா?" என்ற கேள்விக்கு எந்தப் பயனும் இல்லை என்பதற்கும் இதுவே காரணம். புரிந்ததாக நினைப்பவர் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்.

எப்போது, யாரிடம்?

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் விபத்து, அவசரச் சிகிச்சைக்கான 'தாய்' திட்டம் வந்தபிறகு அவசரப் பிரிவுக்குள் நுழைகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். உயிருக்குப் போராடுகிறவர் சிவப்பு. காத்திருக்க முடிந்தவர் பச்சை. சிவப்பில் இருப்பவரிடம் பாடம் நடத்த முடியாது. அங்கே உயிரைக் காப்பாற்றுவதுதான் வேலை. ஆனால் வெளியே நிற்கிற குடும்பத்துக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கும். உள்ளே என்ன நடக்கிறது, யாரிடம் கேட்க வேண்டும், எந்தச் செலவுக்கு அலையத் தேவையில்லை என்பதெல்லாம் அப்போது அவர்களுக்குத் தெரிய வேண்டும். சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவசம் என்பது இன்னும் எத்தனையோ பேருக்குத் தெரியாது. நகையை அடகு வைக்க ஓடுகிற தம்பியை நிறுத்தி இதைச் சொல்வதும் நலக்கல்விதான்.

மஞ்சளிலும் பச்சையிலும் இருப்பவர்களிடம்தான் நேரடியாகப் பேச முடியும். அங்கே நேரம் தானாகவே கிடைக்கும். நெபுலைசர் ஓடுகிற பத்து நிமிடம், குளுக்கோஸ் ஏறுகிற முக்கால் மணி நேரம், எக்ஸ்ரேக்குக் காத்திருக்கிற பொழுது. வலி அடங்கிய பிறகு, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோ குனிந்தோ, கண் பார்த்துப் பேச வேண்டும். வாசலில் நின்று சீட்டை நீட்டியபடி சொல்வது போய்ச் சேராது.

யாரிடம் என்பதற்கு நான் ரொம்ப அழுத்தம் கொடுப்பேன். ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறவரும் வீட்டில் பார்த்துக்கொள்கிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள் கிடையாது. ராத்திரியில் ஆண்கள் கூட வருவார்கள். மறுநாள் மாத்திரை எடுத்துக் கொடுப்பது மருமகளோ மூத்த மகளோதான். ஆகவே முதல் கேள்வியே, "வீட்ல உங்களுக்கு மாத்திரை யாரும்மா எடுத்துத் தருவாங்க?" என்பதாக இருக்கட்டும். அந்த ஆள் வெளியே இருந்தால் உள்ளே அழையுங்கள். வீட்டில் இருந்தால் போன் போட்டு ஸ்பீக்கரில் பேசுங்கள். காவலாளியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும், சொல்லலாம்.

எப்படி?

மூன்றே விஷயம். உங்களுக்கு வந்திருப்பது இது. வீட்டில் செய்ய வேண்டியது இது. இப்படி ஆனால் உடனே திரும்பி வாருங்கள். நான்காவது விஷயம் வாய்வரை வரும், விழுங்கிவிட வேண்டும். மூன்றிலும் மூன்றாவதுதான் உயிர் காக்கிறது, அதனால் அதைக் கடைசியில் அவசரமாகச் சொல்லாமல் நிறுத்திச் சொல்லுங்கள்.

சொன்னபிறகு திரும்பச் சொல்லவைக்க வேண்டும். பரீட்சை வைப்பதுபோல் கேட்டால் பெரியவர்கள் கூசிப்போவார்கள். பழியை நம் மேல் போட்டுக்கொண்டு கேட்டால் சரியாக வரும். மணலியிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் நடந்த பேச்சு இது. பையனுக்கு எட்டு வயசு, இழுப்பு.

"அம்மா, நான் வேகமா சொல்லிட்டேன், சரியா சொன்னனான்னு எனக்கே தெரியல. வீட்டுக்குப் போய் அவன் அப்பாகிட்ட எப்படிச் சொல்வீங்க, எனக்கு ஒருதரம் சொல்லுங்க."

"இந்த நீல பம்ப்பு டெய்லி காலையில ராத்திரி. அந்த இன்னொன்னு மூச்சு வாங்கனா மட்டும்."

நேர் தலைகீழ். நீல நிறத்தில் இருந்தது சால்பியூட்டமால், இழுப்பு வந்தால் மூச்சுக்குழாயை உடனே திறந்துவிடுகிற மருந்து. மற்றது தினமும் போட்டு இழுப்பு வராமல் தடுக்கிற மருந்து. "புரிஞ்சுதா" என்று கேட்டிருந்தால் அந்த அம்மா நிறைந்த மனசோடு தலையாட்டியிருப்பார். நீல பம்ப்பில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி 'இழுப்பு வந்தால்' என்று எழுதினோம். மற்றதில் ஒரு சூரியனும் ஒரு நிலாவும் வரைந்தோம். பிறகு மறுபடி சொன்னார், சரியாக இருந்தது.

அடுத்து கையில் கொடுத்துச் செய்யவைத்தோம். பம்ப் விஷயத்தில் பேச்சு போதவே போதாது. குலுக்க வேண்டும், ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழலில் பொருத்த வேண்டும், ஒரே ஒரு தடவை அழுத்த வேண்டும், குழந்தை மெதுவாக ஐந்தாறு மூச்சு இழுத்துவிட வேண்டும். பெரியவர்கள் என்றால் மெதுவாக இழுத்துப் பத்து விநாடி அடக்கி வைக்க வேண்டும். தடுப்பு மருந்து போட்டதும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை வெள்ளையாகப் புண் வரும். ஸ்பேசர் இல்லாமல் வாய்க்குள் பீய்ச்சினால் மருந்தில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். "பம்ப்பு அடிச்சா பழகிடுமாமே சிஸ்டர்?" என்று அந்த அம்மா கடைசியாகக் கேட்டார். இதைக் கேட்க அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. இந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல் அனுப்பியிருந்தால் இரண்டு பம்ப்பும் பீரோவுக்கு மேலே போயிருக்கும். பழகாது, மாத்திரையாக விழுங்குவதைவிடப் பல மடங்கு குறைந்த அளவு மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது, நிறுத்துவதாக இருந்தால் டாக்டர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும் என்று சொன்னோம்.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அனல்மின் நிலையங்களும் உரத் தொழிற்சாலைகளும் நெருக்கிக்கொண்டு நிற்கிற மணலி, எண்ணூர் பக்கத்தில் இழுப்புக்கான காற்றை ஓர் அம்மாவால் மாற்ற முடியாது. "தூசு, புகையில இருக்காதீங்க" என்று அவரிடம் சொல்வது அவர் மேல் குற்றம் சுமத்துவது. அவரால் முடிந்ததைச் சொல்லலாம். வீட்டுக்குள் கொசுவர்த்திக்குப் பதில் வலை கட்டலாம், பீடி சிகரெட் வாசலுக்கு வெளியே போகலாம், குப்பை எரிக்கிற நேரத்தில் ஜன்னலைச் சாத்தலாம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, தூக்கத்திலிருந்து எழுந்த ஜனங்கள் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஓடினார்கள். காற்று அடிக்கிற திசையிலேயே ஓடாமல் அதற்குக் குறுக்கே விலகிப் போவது, ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடுவது, கண் எரிந்தால் சுத்தமான தண்ணீரில் கால்மணி நேரம் விடாமல் கழுவுவது, வீட்டுக்குப் போனபின் இருமலோ மூச்சுத்திணறலோ கூடினால் திரும்ப வருவது ஆகிய நான்கையும் அந்தப் பகுதியிலிருந்து மூச்சுக் கோளாறோடு வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லி அனுப்பலாம் என்பது என் கருத்து. மூன்றே விஷயம் என்று மேலே சொன்னதை நான் மீறுகிற இடம் இது ஒன்றுதான்.

நாய்க்கடி

கேஷுவாலிட்டியில் அன்றாடம் வருகிற நாய்க்கடிக்கு நலக்கல்வி இல்லாமல் சிகிச்சையே முடிவதில்லை. நாய்க்கடியால் வருகிற ரேபிஸ் என்ற வெறிநோயின் அறிகுறி தெரிந்தபிறகு அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அதற்கு முன் எல்லா ஊசியும் முறையாகப் போட்டால் அநேகமாக யாரும் சாவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது, நோயாளி சரியான நாளில் திரும்பி வருகிறாரா என்பது மட்டும்தான்.

தோலில் போடுகிற முறையில் ஊசி நாட்கள் 0, 3, 7, 28. இந்தச் 'சைபர் நாள்' யாருக்கும் புரியாது. முதல் ஊசி போட்ட நாள்தான் சைபர். திங்கட்கிழமை போட்டால் அடுத்தது வியாழன், அதற்கடுத்தது வருகிற திங்கள், கடைசி ஊசி நாலு வாரம் முடிந்து வரும் திங்கள். கிழமை போட்டுச் சொன்னால் பதியும், தேதி போட்டுக் காலண்டரில் வட்டம் போடச் சொன்னால் இன்னும் நல்லது. கடைசி ஊசியைத்தான் அதிகம் பேர் விடுகிறார்கள். காயம் ஆறிவிட்டிருக்கும், நாயும் தெருவில் சுற்றிக்கொண்டிருக்கும். "நாய் நல்லாத்தானே இருக்கு" என்று நிறுத்தக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

ரத்தம் வந்த கடியாக இருந்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற ஊசியும் போடுவார்கள். வலிக்கும். குழந்தை கத்துவதைப் பார்த்து அம்மா வேண்டாம் என்பார். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கச் சில நாள் ஆகும், அதுவரை காயத்திலேயே கிருமியைத் தடுத்து வைப்பது இந்த ஊசி என்று விளக்கினால் மறுத்தவர்களும் ஒத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் கடிவாயில் வைக்கக் கூடாது. குழாயைத் திறந்துவிட்டுச் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிபட்டு வந்தவர் கழுவாமல் வந்திருந்தால் அங்கேயே, அவர் கண்முன்னே கழுவிக்காட்டுங்கள். அந்தத் தெருவில் அடுத்தவருக்குக் கடிக்கும்போது அவர் போய்ச் சொல்வார்.

சர்க்கரை இறங்கி வருகிறவர்கள்

காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிற ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். சீட்டில் '1-0-1' என்று எழுதியிருக்கிறது, காலை ஒன்று, இரவு ஒன்று. எழுதிய டாக்டர் மனசில் காலை என்பது எட்டு மணி, இட்லியோடு. அந்த அக்கா எழுந்திருப்பது விடியற்காலை இரண்டு மணிக்கு. எழுந்ததும் மாத்திரை, ஒரு டம்ளர் டீ, நேராகத் துறைமுகம். முதல் சோறு வியாபாரம் முடிந்து பத்து பதினொரு மணிக்கு. ஏழு மணிக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, ஏதேதோ பேசி, கூடைக்குப் பக்கத்தில் விழுகிறார். கேஷுவாலிட்டியில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழிக்கிறார்.

இவரிடம் "வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், முதலில் எப்போது வயிறு நிறையச் சாப்பிடுகிறீர்கள், மாத்திரை எப்போது என்று கேட்டு, அந்த விவரத்தை டாக்டரிடம் சொல்லி, மாத்திரையைச் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்து மாற்றி எழுதி வாங்க வேண்டும். இங்கே கற்றுக்கொள்ள வேண்டியது முதலில் நாம்தான்.

பிறகு அவருக்குச் சொல்ல வேண்டியது. படபடப்பு, வேர்வை, நடுக்கம், திடீர்ப் பசி வந்தால் ரத்தத்தில் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். கால்மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு தடவை. சரியானதும் சாப்பாடு. மடியில் எப்போதும் ஒரு சர்க்கரைப் பொட்டலம். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். இது பக்கத்துக் கடைக்காரர்களுக்குத் தெரிய வேண்டியது. "முழிச்சாச்சே, நான் கிளம்பறேன், சரக்கு கெட்டுடும்" என்று அவர் எழுந்துகொள்வார். சில மாத்திரைகள் ஒரு நாள் முழுக்கச் சர்க்கரையைத் திரும்பத் திரும்ப இறக்கும், அதனால்தான் படுக்கவைத்திருக்கிறோம் என்று காரணத்தோடு சொன்னால் இருப்பார். காரணம் சொல்லாமல் "படும்மா" என்று அதட்டினால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

மற்றவை, சுருக்கமாக

தலையில் அடிபட்டு, ஸ்கேன் நன்றாக இருந்து வீட்டுக்குப் போகிறவருடன் ஒரு நாளாவது ஒருவர் கூட இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், கூடிக்கொண்டே போகிற தலைவலி, வலிப்பு, மூக்கிலோ காதிலோ தண்ணீர் வடிவது, இதில் எது வந்தாலும் திரும்ப வர வேண்டும். குடித்திருந்தவர் என்றால் "போதைல தூங்கறாரு" என்று விட்டுவிடுவார்கள். அதை முன்கூட்டியே சொல்லித் தடுக்க வேண்டும்.

மாவுக்கட்டு போட்டவர் கையையோ காலையோ உயர்த்தி வைக்க வேண்டும். விரல் நீலம் பாய்ந்தாலும், மரத்தாலும், மாத்திரை போட்டும் வலி கூடினாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. தீக்காயத்துக்கு ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுவதுதான் முதலுதவி; பேஸ்ட், இங்க், இட்லி மாவு எதுவும் கூடாது. காய்ச்சலில் வலிப்பு வந்த குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும். கையில் சாவிக்கொத்து திணிப்பதாலோ பல்லுக்கு நடுவில் ஸ்பூன் வைப்பதாலோ வலிப்பு நிற்காது, பல்தான் உடையும். பேதியில் வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று பிய்த்துப் போடுவதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு. ஒரு லிட்டர் பாட்டிலைக் காட்டிச் சொல்லுங்கள்.

பட்டறைகள் நிறைந்த இந்தப் பக்கத்துக்கென்று ஒன்று உண்டு. மெஷினில் விரல் துண்டாகிப் போனால் அந்தத் துண்டை நேராக ஐஸில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். திசு உறைந்து கெட்டுவிடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கை அறுவைச் சிகிச்சைக்குப் பேர்போன ஸ்டான்லி பக்கத்திலேயே இருக்கிறது. சரியாகக் கொண்டுவந்தால் ஒட்டவைக்க வாய்ப்பு உண்டு. சின்னக் காயத்துக்குத் தையல் போட வருகிற பட்டறைப் பையனிடம் இதைச் சொல்லி அனுப்பினால், அவன் பட்டறைக்கே சொன்ன மாதிரி.

குடியைப் பற்றி

குடித்துவிட்டு வண்டியில் விழுந்து வருகிறவரை எல்லாரும் திட்டுகிறார்கள். வார்டு பாய் திட்டுகிறார், போலீஸ் திட்டுகிறார், மனைவி அழுதுகொண்டே திட்டுகிறார். திட்டு வாங்கிப் பழகியவருக்கு அது ஏறாது. போதை தெளிந்து, தையல் போட்டு முடிந்தபின் ஐந்து நிமிடம் அமைதியாகப் பேசினால் ஓரளவாவது ஏறுகிறது என்பதைப் பல நாட்டு அவசரப் பிரிவுகளில் செய்து பார்த்திருக்கிறார்கள். "வாரத்துல எத்தனை நாள் அண்ணா?" "இன்னிக்கு விழுந்ததுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நினைக்கிறீங்களா?" "கொஞ்சம் குறைக்கணும்னா எதுல ஆரம்பிப்பீங்க?" இப்படிக் கேட்டுவிட்டு அவரைப் பேசவிட வேண்டும். வண்டிச் சாவியை நண்பனிடம் கொடுத்துவிடுகிறேன் என்று அவரே சொன்னால் அந்த ஒன்று போதும். தினமும் அதிகமாகக் குடிக்கிறவரிடம் மட்டும் "நாளையிலிருந்து தொடாதீங்க" என்று சொல்லிவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தக் கலக்கமும் வரும். அவரை மனநலப் பிரிவுக்கு அனுப்பி, மருந்தோடு நிறுத்தவைக்க வேண்டும்.

இதெல்லாம் தனியாகப் பேச வேண்டிய விஷயங்கள். பெண்களிடம் அடிபட்ட கதையைக் கேட்கும்போது இன்னும் கவனம் வேண்டும். "படியில விழுந்துட்டேன்" என்கிறவருக்குப் பக்கத்தில் கணவர் நின்றுகொண்டிருந்தால், ஏதாவது சாக்குச் சொல்லி அவரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பேச வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181 என்பதைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்காமல் வாயால் சொல்லி மனப்பாடம் செய்யவைப்பது பாதுகாப்பு.

நேரம் எங்கே இருக்கிறது?

ஆள் பற்றாக்குறை உண்மை. ஒரு ஷிஃப்டில் இரண்டு சிஸ்டர் இத்தனை கட்டிலைப் பார்த்துக்கொண்டு பாடமும் நடத்த முடியுமா என்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை யாரோ ஒருவரின் நல்ல மனசுக்கு விட்டுவிடாமல், வீட்டுக்கு அனுப்பும் வேலையின் ஒரு படியாகவே வைக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். டாக்டர் நோயைச் சொல்லட்டும். சிஸ்டர் மருந்தையும் திரும்பி வர வேண்டிய அறிகுறிகளையும் சொல்லட்டும். மருந்து கொடுக்கிற இடத்தில் பார்மசிஸ்ட் ஒருமுறை திரும்பச் சொல்லவைக்கட்டும். பயிற்சி மாணவர்கள் பம்ப் போடச் சொல்லித்தரட்டும், அவர்களும் கற்றுக்கொள்வார்கள். ஒரே ஆளே எல்லாவற்றையும் சொல்வதைவிட, மூன்று பேர் ஒரே விஷயத்தை ஒரே மாதிரி சொன்னால் நன்றாகப் பதியும்.

காத்திருக்கிற ஹாலில் டி.வி. ஓடவிடுவதும் போஸ்டர் ஒட்டுவதும் உதவாமல் இல்லை. ஆனால் அவை எல்லாருக்கும் பொதுவாகப் பேசுபவை, வலியில் இருப்பவர் கண் அங்கே போகாது. அச்சடித்த சீட்டு வேண்டும், தமிழில் வேண்டும், பெரிய எழுத்தில் ஒரே பக்கத்தில் வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குப் படம் வேண்டும். வடசென்னையில் தெலுங்கு பேசுகிறவர்களும் உருது பேசுகிறவர்களும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். இப்போது இந்தி, ஒடியா, வங்காளி பேசுகிற தொழிலாளர்களும் நிறைய வருகிறார்கள். அவர்களோடு வந்த சின்னப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பெரியவர் ஒருவரைத் தேடுங்கள், இல்லாவிட்டால் ஒப்பந்தக்காரர் இல்லாத வேறொரு சக தொழிலாளியிடம் போனில் பேசுங்கள்.

நீங்கள் நோயாளியாகவோ கூடப் போனவராகவோ இருந்தால், யாரும் சொல்லாவிட்டாலும் கிளம்பும் முன் மூன்று கேள்வியைக் கேட்டுவிடுங்கள். இவருக்கு என்ன வந்திருக்கிறது? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? எப்படி ஆனால் உடனே திரும்பி வர வேண்டும்? பதிலைக் கேட்டுவிட்டு, "நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாருங்க சிஸ்டர்" என்று நீங்களே திரும்பச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டுப் பதிவு செய்துகொண்டால் வீட்டில் இருப்பவர்களும் கேட்பார்கள். கட்டு மாற்றவும் பிரஷர், சர்க்கரை பார்க்கவும் திரும்பப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியதில்லை. உங்கள் வார்டில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே, நலவாழ்வு மையம் எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள். நலவாழ்வு மையங்கள் மாலையிலும் திறந்திருப்பதால் கூலி போகாமல் போய்வரலாம். ராத்திரியில் ஒரு சந்தேகம் வந்தால் 104-ஐக் கூப்பிட்டுக் கேட்கலாம், ஆபத்து என்றால் 108. இரண்டையும் வீட்டில் எல்லார் போனிலும், பெரியவர்கள் வைத்திருக்கும் பட்டன் போனிலும், பதிந்து வைத்துவிடுங்கள்.